பட்டுக்குள் இருப்பவள்

எங்கள் அம்மனின் முகத்தை எங்கள் ஊரில் ஒருவரும் கண்டதில்லை. பூசை செய்த என் அப்பாவும் கண்டதில்லை. வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மாங்கேணிப் பக்கம், கடலுக்கும் களப்பு என்னும் உப்பங்கழிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊரில் கோயில் கதவு வருடம் முழுக்கப் பூட்டியிருக்கும். வைகாசியில் மட்டும் ஏழு நாள் திறப்போம். அந்த ஏழு நாளும் அம்மன் சிவப்புப் பட்டால் தலையோடு கால் சுற்றப்பட்டுத்தான் பெட்டியை விட்டு வெளியே வருவாள். பட்டு மாற்றுகிறவர் கப்புகனார், அதாவது அம்மனுக்குப் பூசை செய்கிறவர். அவர் வெள்ளைத் திரைக்குப் பின்னால் வாயையும் கண்ணையும் துணியால் கட்டிக்கொண்டு, கையால் தடவித் தடவி எண்ணெய் பூசிப் புதுப் பட்டைச் சுற்றுவார். கை தொட்டதைப் பற்றி வெளியே ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. சொன்னால் கண் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை.

என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் கப்புகனாராக இருந்தார்.

களவெடுக்க இதைவிட வசதியான சாமான் உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்? காணாமல் போனால் பொலிசில் அடையாளம் சொல்லக்கூட ஆளில்லை. வேறொன்றை வைத்தாலும் கண்டுபிடிக்க ஆளில்லை. இத்தனை காலமும் இது ஒருவருக்கும் தோன்றாமல் இருந்ததுதான் அதிசயம். எங்கள் வண்ணக்கருக்குத் தோன்றியது. வண்ணக்கர் என்றால் கோயிலின் தலைவர். சாவி, நகை, கோயில் வயல் எல்லாம் அவர் பொறுப்பு. ஊரில் எல்லோரும் அவரை அவர் என்றுதான் சொல்வார்கள். நானும் முகத்துக்கு முன்னால் அப்படித்தான் சொன்னேன். இது என் எழுத்து. இதில் அவன் என்றே எழுதுகிறேன். மரியாதை குறைந்தால் குறையட்டும்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று என் அம்மா போய்விட்டார். கோயிலின் சுவர் மூன்று விழுந்து ஒன்று நின்றது. அப்பா இரண்டு நாளாக அம்மாவைத் தேடினார். மூன்றாம் நாள் தாழம்பற்றைக்குள் இருந்து அம்மனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டு அப்படியே இருந்தது. அந்தப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் அழுதபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. என்னைப் பெத்தவளைத் தேடிப் போனவர் பெட்டியோடு வந்தாரே என்று இரண்டு நாள் அவரோடு கதைக்கவே இல்லை. அம்மா கடைசிவரை கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். வண்ணக்கரின் வீடு பெரிய ரோட்டுக்கு அங்கால் இருந்ததால் அதில் ஒரு ஓடும் அசையவில்லை. அவன் வந்து பெட்டியைப் பார்த்தான்.

"இது என்ன வேலை கப்புகனார்? செத்தவீடு இல்லாத ஆள் இஞ்ச ஒருத்தருமில்ல. புள்ள பெத்தவள் ஒருத்தி அந்தா கிடக்காள். இந்தத் தீட்டுக்குள்ள அம்மனை வச்சிருக்கிறதா? தாங்க, எண்ட சாமியறையில வைக்கிறன்."

அதில் என்ன பிழை சொல்வது? சரியான கதைதான். அப்பா இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். பெட்டிச் சாவி ஏற்கெனவே அவனிடம்தான் இருந்தது.

அந்த நாட்களில் நிவாரண வாகனங்களுக்குப் பின்னால் இன்னொரு வகை வாகனங்களும் வந்தன. பழைய குத்துவிளக்கு இருக்கிறதா, பித்தளைச் செம்பு இருக்கிறதா, கடல் கிளறிப் போட்ட காசு, மண்பாண்டம் ஏதும் கிடைத்ததா என்று நல்ல தமிழில் கேட்பார்கள். அரிசி மா வாங்க எங்கள் சனம் என்னென்னவோ கொடுத்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது இலாபம் என்பார்களே, அந்தக் கூட்டம். அதில் ஒரு வெள்ளை வேன் வண்ணக்கரின் வாசலில் இரண்டு நாள் நின்றதை நானே கண்டேன். கண்டும் ஒன்றும் நினைக்கவில்லை.

வைகாசி வந்தது. தகரக் கொட்டில் ஒன்றைக் கோயிலாக்கினோம். வண்ணக்கர் மேளத்தோடு பெட்டியைக் கொண்டு வந்து வைத்தான். அப்பா கண்ணையும் வாயையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். வழக்கமாக ஒரு தேங்காய் துருவும் நேரத்தில் வெளியே வருகிறவர், அன்று வரவே இல்லை. சனம் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகுதான் பட்டுச் சுற்றிய அம்மனோடு வந்தார். பட்டை ஒரு பக்கம் கோணலாகச் சுற்றியிருந்தார். பசி என்று நினைத்தேன்.

பின்னேரம் சோறு போட்டுக் கொடுத்தேன். பிசைந்துகொண்டே இருந்தார்.

"மகள், அது அவ இல்ல."

"ஆரு?"

"பட்டுக்குள்ள இருக்கிறவ. விரலில கூர் குத்துது. எத்தின தலைமுறை எண்ணெய் போட்டுத் தேஞ்ச உடம்பு எண்ட அம்மனுக்கு! மூக்கே மழுங்கிப் போச்சு. வலக்கையில சின்ன விரல் ரெண்டும் ஒட்டிக் கிடக்கும். பின்கழுத்தில புளியங்கொட்டை போல ஒரு முண்டு. எண்ணெய் போடக்குள்ள அதில விரலை வச்சிட்டுத்தான் மறுகா முதுகுக்கு இறங்குவன். இதில முண்டு இல்லகா. இது நேத்து வார்த்த சாமான்."

சொல்லி முடித்ததும் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார் அல்லவா. கொஞ்சம் பொறுத்துக் கையை எடுத்து என்னைப் பார்த்தார். கண் போகவில்லை என்று கண்டதும் ஒரு குழந்தையைப்போல் மூச்சு விட்டார்.

என் அப்பா நல்ல மனிதன். நல்ல மனிதன் செய்கிற முட்டாள்வேலையைத்தான் அவரும் செய்தார். நேரே வண்ணக்கரிடம் போய், ஒருவருக்கும் தெரியாமல் திருப்பி வைத்துவிடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன் என்று கெஞ்சினார். கள்ளனுக்கு ஒரு நாள் தவணை கொடுத்த கதை அது.

மூன்றாம் நாள் குடி கூறுகிற நாள். எங்கள் பக்கத்தில் தாய்வழியாகத்தான் குடி. ஒவ்வொரு குடியின் பேரையும் கோயில் முன்றலில் வரிசையாகக் கூப்பிட, அந்தக் குடியின் பெரியவர் வந்து வட்டா என்னும் பித்தளைத் தட்டில் வெற்றிலை எடுப்பார். கடைசியாகக் கப்புகனாரின் வீட்டுப் பேரும் வரும். முதல் பேர் வண்ணக்கரின் குடி. பேர் கூப்பிட்டதும் அவன் எழும்பி வந்தான். வெற்றிலையைத் தொடவில்லை.

"என்னில ஒரு பழி வந்திருக்கு. அதைக் கழுவிட்டுத்தான் எடுப்பன். நான் அம்மனை வித்துப்போட்டு வேற சிலை வச்சிட்டனாம். கப்புகனார் சொல்லுறார். கப்புகனார், நீங்க அம்மனைக் கண்ணால கண்டிருக்கீங்களா?"

"இல்ல" என்றார் அப்பா.

"அப்ப எப்பிடித் தெரியும்?"

அத்தனை சனமும் அப்பாவைப் பார்த்தது. கை தொட்டதை ஊர் முன்னால் சொன்னால் அந்த நிமிசமே அவர் கப்புகனார் இல்லை. சொல்லாவிட்டால் பொய்யன். அப்பா வாயை மூடிக்கொண்டு நின்றார். சொல்லுங்கள் அப்பா, சொல்லித் தொலையுங்கள் என்று பெண்கள் பக்கத்தில் இருந்து நான் கத்தினேன். ஒருத்தி என் வாயைப் பொத்தினாள்.

எங்கள் ஊரில் வழக்கு ஒன்று வந்தால் கடைசித் தீர்ப்பு பட்டில் கை வைப்பது. அம்மனைச் சுற்றியிருக்கும் பட்டில் கையை வைத்து நான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. பழி சொன்னவர் குற்றவாளி. வண்ணக்கர் சால்வையை இடுப்பில் கட்டினான். கையை வைத்தான். தண்ணீர் குடிப்பதுபோல் சத்தியம் பண்ணினான். பிறகு அப்பாவின் தோளைத் தட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்துச் சொன்னான்:

"பெண்சாதியைக் கடலுக்குக் குடுத்த மனுசன். புத்தி கலங்கிப் போச்சு. ஆரும் கோவிக்காதீங்க."

களவை மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்த இரக்கத்தை மன்னிக்க மாட்டேன். என் அம்மாவின் சாவை எடுத்து அப்பாவின் வாயை அடைத்தானே, கொள்ளையில போவான்!

அப்பாவின் பூசை உரிமை போனது. முறைப்படி அது அப்பாவின் அக்கா மகனுக்கு, என் மச்சானுக்குப் போனது. மச்சான் பழைய அம்மனைத் தொட்டதே இல்லை. அவர் கைக்கு இதுதான் அம்மன். எங்கள் வீட்டுப் பேரை அதன் பிறகு கோயிலில் கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் ஷெல் விழத் தொடங்கியது. ஊரோடு ஓடினோம். பெட்டியை வண்ணக்கர் தன் லொறியில் ஏற்றினான். அதற்கும் சனம் அவனைக் கும்பிட்டது. நான் கும்பிடவில்லை, ஏனென்றால் லொறிக்குள் எட்டிப் பார்த்தபோது அவன் அந்தப் பெட்டிக்கு மேல் குந்திக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். ரோட்டோரத்தில் ஒரு பிள்ளையார் கல்லைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிற மனுசன்! ஒவ்வொரு வருடமும் தீ மிதிக்கிறவன்! அம்மனின் பெட்டியில் குந்துவானா? உள்ளே ஒன்றும் இல்லை என்று அறிந்தவன்தான் குந்துவான். அந்தக் காட்சியோடு எனக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போனது.

வந்தாறுமூலைப் பக்கம் அகதி முகாமில், ஒரு தறப்பாள் கொட்டிலில் அப்பா செத்தார். ஷெல் விழுந்ததும் ஊர் விட்டு ஊர் வந்ததும் கப்புகனார் அம்மனைப் பொய்யாக்கிய வினை என்று எங்கள் சனமே சொல்லிக்கொண்டிருந்தது. அதே முகாமில் ஊர்ச்சனம் முழுக்க இருந்தும், பாடைக்குத் தோள் கொடுக்க மச்சானைத் தவிர ஒருவரும் வரவில்லை. ஏறாவூரில் இருந்து விறகு விற்க வந்த முஸ்லிம் நானாமார் இரண்டு பேரும், முகாம் காவல்காரரும்தான் மற்ற மூன்று தோள். வண்ணக்கர் தூரத்தில் நின்று "பாவம்" என்றான். அன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உன்னை ஊர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வைக்காவிட்டால் நான் என் அப்பாவுக்குப் பிறந்தவள் இல்லை என்று மனதுக்குள் சொன்னேன்.

சண்டை ஓய்ந்தது. ஊருக்குத் திரும்பினோம். பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் எழும்பின. அதில் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு நாள் வெள்ளைக்கார விருந்தாளி ஒருவரின் மேசையைத் துடைக்கும்போது பெரிய பளபளப்பான புத்தகம் ஒன்று திறந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பழைய சிலைகள். தூசி தட்டுகிற சாட்டில் புரட்டினேன்.

ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. மழுங்கிய மூக்கு. வலக்கையில் ஒட்டிய சின்ன விரல்கள். பக்கத்தில் பின்பக்கம் எடுத்த சின்னப் படம். அதில் பின்கழுத்தில் புளியங்கொட்டை. எங்கள் ஊரில் முதன்முதலாக அம்மனின் முகத்தைக் கண்ட பெண் நான்தான். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தாள். என் கண் போகவில்லை.

முன்மேசையில் வேலை செய்த பெண்ணை, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளை, கூட்டிவந்து கீழே இருந்த ஆங்கிலத்தை வாசிக்கச் சொன்னேன். இலங்கையின் கிழக்குக் கரை, ஒரு குடும்பத்தின் பழைய சேகரிப்பில் இருந்து, இப்போது ஏலத்துக்கு என்று எழுதியிருந்ததாம். எந்தக் குடும்பம்? யாருடைய சேகரிப்பு? எங்கள் சனம் பிணம் தேடிக்கொண்டிருந்த கிழமையில் சேர்த்த சேகரிப்பு! அங்கேயே புத்தகத்தைக் கிழித்திருப்பேன். தங்கச்சி பயந்து அழப்போனதால் மூடிவைத்துவிட்டு வந்தேன்.

படத்தை ஊருக்குக் காட்டி என்ன பிரயோசனம்? இது எங்கள் அம்மன் என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்பாவிடம் கேட்ட அதே கேள்வி. மாதக் கணக்காகப் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டே யோசித்தேன். ஒரு நாள் விளங்கியது. அவன் பயமில்லாமல் கை வைத்தது, உள்ளே இருப்பது வெறும் உலோகம் என்று தெரிந்ததால். களவெடுத்தவனுக்குப் பக்தி இல்லை என்று நினைப்பது மடைத்தனம். பக்தி இருந்தது. அவள் இல்லாத இடத்தில் அது அவனைச் சுடவில்லை, அவ்வளவுதான். அவள் வந்துவிட்டாள் என்று அவன் நம்பினால்?

அடுத்த வைகாசியில் கதவு திறக்க முதல் பெட்டியை மஞ்சள்தண்ணீரால் கழுவும் வேலைக்கு மச்சான் என்னையும் கூப்பிட்டார். வண்ணக்கர் கொடுத்துவிட்ட பெட்டிச் சாவி மச்சானின் மடியில் இருந்தது. வெளிப்பக்கத்தைக் கழுவினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் வண்ணக்கரின் குடியைக் கூப்பிட்டார்கள். அவன் வட்டாவுக்குக் கை நீட்டும்போது எழும்பினேன்.

"நில்லுங்க. எனக்கு ஒரு வழக்கு இருக்கு. எங்கட அப்பா சொன்ன அதே வழக்கு."

"அப்பனுக்குத் தப்பாத மகள்" என்று யாரோ சொல்ல, சனம் சிரித்தது. அவனும் சிரித்தான்.

"சத்தியம் பண்ணவா? வா புள்ள. ஒருக்கா என்ன, ஆயிரம் தரம் பண்ணுறன்."

சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். மச்சான் பட்டுச் சுற்றிய அம்மனை இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். பழி சொன்னவர்தான் கற்பூரத் தட்டைப் பிடிக்க வேண்டும். நான் தட்டோடு அவன் காதுக்குப் பக்கத்தில் போனேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.

"கை வைக்க முன்ன ஒண்டு கேளுங்க. வாங்கின வெள்ளைக்காரன் பாசிக்குடாவுக்கு வந்தான். அவன்ட வீட்டில சாவுக்கு மேல சாவாம். அவவை எண்ட கையில தந்திட்டுப் போறான். பெட்டி கழுவக்குள்ள சாவியை எடுத்து நான்தான் மாத்தி வச்சன். உங்கட புதுச் சாமானைக் களப்பில போட்டிட்டன்."

"விசர்க்கதை கதையாத."

"வலக்கையில சின்ன விரல் ரெண்டும் ஒட்டிக் கிடக்கு. பின்கழுத்தில புளியங்கொட்டை அளவு முண்டு. நீங்கதான் பட்டை அவுத்துக் கண்ணால கண்ட ஆளாச்சே, சரியா சொல்லுறனா? இப்ப வைங்க கையை."

அப்பா தொட்டதை வெளியே சொல்லுவார் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். அதனால் எனக்கு இது தெரிய ஒரே ஒரு வழிதான் இருந்தது அவன் கணக்கில்: அம்மனை நான் கையில் எடுத்துப் பார்த்தது. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. "வைங்க வண்ணக்கர்" என்று சனம் கூப்பிட்டது. அவன் கையைக் கொண்டுபோனான், எடுத்தான். மறுபடியும் கொண்டுபோனான். பட்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் அவன் கால் மடிந்தது.

"எனக்கு ஏலா! தாயே, என்னைப் பாராத! வந்திட்டாளே, திரும்பி வந்திட்டாளே!"

மண்ணில் நெற்றியை அடித்து அழுதான். வேட்டி நனைந்தது. அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. எனக்கு அப்போது வந்த சந்தோசத்தைப்போல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சனம் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தது. பிறகு ஒரு பெரியவர் கத்தினார்: "கேட்டீங்களா? அவவை வித்தவன் வாயாலயே வந்திட்டா எண்டுறான்! அம்மன் தானா திரும்பி வந்து பெட்டிக்குள்ள இருக்கா! இல்லாட்டி அண்டைக்கு வச்ச கை இண்டைக்கு ஏன் நடுங்குது?" அவ்வளவுதான். ஊரே விழுந்து கும்பிட்டது. அன்று எங்கள் வீட்டுப் பேரைக் கூப்பிட்டார்கள். அப்பாவின் பேரால் நான் வெற்றிலை எடுத்தேன். பாடைக்கு வராத ஆட்களெல்லாம் என் கையைப் பிடித்து அழுதார்கள். அழுங்கள், நன்றாக அழுங்கள் என்று நின்றேன்.

அவன் வீட்டுக்கு முடி வெட்டுகிறவரும் போகவில்லை, துணி வெளுக்கிறவரும் போகவில்லை. ஒரு மாதத்தில் தூரத்து ஊரில் மகளின் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே நித்திரை இல்லையாம். சிவப்புத் துணி கண்ணில் பட்டால் நடுங்குகிறானாம். வருகிற போகிற ஆட்களிடம் கேட்டுக் கேட்டு ரசித்தேன்.

ஒரு வருடம் கழித்து வந்தாறுமூலைக் கம்பஸில் இருந்து விரிவுரையாளர் ஒருவர் வந்தார். கையில் படம். அதே முகம். வெளிநாட்டில் ஏலம் நிறுத்தப்பட்டிருக்கிறது, இந்தக் கரையில் களவு போனதுதானா என்று கேட்கிறார்கள், நிரூபித்தால் திருப்பித் தருவார்கள் என்றார். எங்கள் சனம் சிரித்தது. "எங்கட அம்மன் பெட்டிக்குள்ள இருக்கா, சேர். தானா நடந்து வந்தவ."

நான் மச்சானைத் தனியே இழுத்தேன். "மச்சான், போன வருசம் தொட்டதும் அதுக்கு முந்தி தொட்டதும் ஒண்டுதான். மாறல்ல. உங்கட கைக்குத் தெரியும். அந்தச் சேரிட்ட சொல்லுங்க."

மச்சான் கையை வேட்டியில் துடைத்தார். "மாமாக்கு நடந்தது எனக்கும் நடக்கணுமா புள்ள?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விரிவுரையாளர் வேனுக்குத் திரும்பும்போது என்னிடம் நின்றார். நான் படத்தைப் பார்த்த விதத்தைக் கவனித்திருக்கிறார்.

"தங்கச்சி, கேள்விப்பட்ட கதை காணாது. இந்தச் சிலை இந்தக் கோயிலில இருந்ததைக் கண்ணால கண்ட ஒரே ஒரு ஆள் சாட்சி சொன்னாப் போதும். நானே நிண்டு எடுத்துத் தருவன். அப்பிடி ஆரும் இருக்காங்களா?"

இருந்தான். ஒருத்தன் இருந்தான். எந்த ஊர், எந்த ரோட்டு, எத்தனையாவது வீடு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனைச் சாட்சிக்குக் கூப்பிடுவதென்றால், அம்மன் இன்னும் வரவில்லை, அன்று நான் சொன்னது பொய் என்று அவனிடம் சொல்ல வேண்டும். சொன்ன அந்த நிமிசமே அவன் பயம் போய்விடும். அன்றைக்கே அவன் நித்திரை கொள்வான். என் அப்பா செத்த நாள்வரை கொள்ளாத நித்திரை.

படத்தில் அவள் கொஞ்சம் சிரித்த மாதிரியே இருந்தாள்.

"ஒருத்தரும் இல்ல, சேர்" என்றேன்.